ருசியில்லாத அப்பம்

ஆகஸ்ட் 6, 2018. திங்கள்

தியான இல்லத்து மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. பத்து மணிவரை வாளியில் தண்ணீர் சுமந்தோம். முழங்கால் இப்போதும் வலிக்கிறது. இதற்கு நடுவில் ஆயரில்லத்திலிருந்து அழைப்பு.

முதன்மைக்குரு மத்தியாஸ் ஓர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். புன்னைத்துறையில் இஞ்ஞாசியம்மாள் என்றொரு விதவை இருந்தார். பூசையில் கொடுக்கும் மெல்லிய அப்பமான ஓஸ்தியைக் கோயிலுக்குச் சுட்டுக் கொடுத்துவந்தவர். இறந்து இருபது வருடம் ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் கல்லறையடியில் பெண்கள் கூடி, அவர் சொன்னவற்றை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்களாம். அக்டோபர் 12 நினைவு நாளுக்குள் அதைச் சிறு புத்தகமாகப் போட ஆயரின் அனுமதி கேட்டிருக்கிறார்கள். பின்னாலேயே எதிர்ப்பு மனுவும் வந்துவிட்டது. அவர் பேசியது வேதமே அல்ல, சித்தர்களிடமும் சூபிகளிடமும் எடுத்தது. கடைசிக் காலத்தில் யாருக்கும் தெரியாமல் இஸ்லாத்துக்குப் போய்விட்டார். டிரங்குப் பெட்டியில் இருந்த அரபு நூலே சாட்சி என்கிறது மனு.

அந்த நூல்தான் அட்டைப்பெட்டியில். பள்ளிக்கூட நோட்டுகள் மூன்றை நூலால் தைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். எழுத்து வலமிருந்து இடம் ஓடுகிறது.

"நீங்கதான் பாக்கணும் சாமி" என்றார் மத்தியாஸ். செமினாரியில் என்னிடம் படித்தவர். "முப்பது வருசத்துக்கு மேல தியானம் கொடுக்கறீங்க. ஆன்மிகம்னா இங்க வேற யாரு இருக்கா? அந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமா?"

குருப்பட்டம் பெற்றதும் புன்னைத்துறையில் ஒரு வருடம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன், ஓஸ்தி கொண்டுவந்து கொடுப்பார், பார்த்திருக்கிறேன் என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 8. புதன்

பல் மருத்துவர். குருக்கள் தினமும் சொல்லவேண்டிய கட்டளை ஜெபத்தைச் சொல்லி முடித்தேன். பெட்டியைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 11. சனி

புன்னைத்துறைக்குப் போனேன். முப்பத்தொன்பது வருடம் கழித்து. கோயில் புதிதாகிவிட்டது. கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறது.

இஞ்ஞாசியம்மாளின் மகள் பிலோமிக்கு அறுபதை ஒட்டி வயது. தாய்க்குப் பிறகு ஓஸ்தி சுடும் வேலை அவரிடம் வந்தது. மனு வந்த பிறகு பங்குப் பேரவை அவரிடம் ஓஸ்தி வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போது வெளியூரிலிருந்து பார்சலில் வருகிறது.

"துலுக்கச்சி மக சுட்ட அப்பம்னு பூசைக்கு வாரவ ஒருத்தி எங்காதுபடச் சொன்னா சாமி. எங்கம்மா கடைசி மூச்சுக்கு முந்தி நற்கருண வாங்கினா. நாந்தான் தண்ணி கொடுத்தேன். நாக்குல ஒட்டிக்கிடக்கூடாதுன்னு அவ்வளவு பயந்தா."

அம்மா தமிழில் ஏதாவது எழுதி வைத்தாரா என்று கேட்டேன்.

"எழுதுவா. எனக்குக் கலியாணம் ஆவறதுக்கு முந்தி. அடுப்படியில உக்காந்து ஒரு நோட்டு முழுக்க எழுதினா. பொறவு விட்டுட்டா. ஏம்மான்னு கேட்டா, 'வேண்டாம்னு சொல்லிட்டாங்க, விட்டுட்டேன்'னுவா. யாரு சொன்னதுன்னு சாவுறவரைக்கும் வாயத் தெறக்கல."

காபி கொடுத்தார். சூடாக இருந்தது. குடித்து முடித்தேன்.

வியாழக்கிழமைதோறும் அம்மா காயல்பட்டினத்தில் சைனம்பு என்பவர் வீட்டுக்கு முட்டை கொண்டுபோவாராம். வரும்போது இருட்டிவிடுமாம். "முட்டை கொடுக்க இம்புட்டு நேரமான்னு அப்பாயி திட்டும்" என்றார். அந்த சைனம்பு இன்னும் உயிரோடு இருக்கிறாராம்.

ஆகஸ்ட் 14. செவ்வாய்

பேராசிரியர் ஆவுடையப்பன் வீட்டில் மதியச் சாப்பாடு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அழுத்தமான சைவர், என் பழைய நண்பர். புன்னைத்துறைப் பெண்கள் வாய்மொழியாகச் சொல்பவற்றை மத்தியாஸ் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். அதைக் காட்டினேன். இரண்டு பக்கம் வாசித்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

"'நான் உள்ளே இருக்கையில் அவருக்கு வீட்டில் இடமில்லை. நான் வெளியே போன அன்றைக்கே குடிவந்துவிட்டார்.' ஐயா, இது எங்க சித்தர் பேச்சுல்லா!"

"அதத்தான் மனுவிலயும் சொல்றாங்க. திருடினதுன்னு."

"திருட்டா? கடற்கரையில மணலத் தோண்டினா நல்ல தண்ணி ஊறும். நீங்க உங்க கோயிலுக்கு முன்னால தோண்டுறீங்க, நான் எங்க கோயிலுக்கு முன்னால தோண்டுறேன். ரெண்டுலயும் நல்ல தண்ணி வந்தா யாரு மேல கேஸ் போடுவீங்க?" பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ரெண்டும் ஒண்ணேதான்னும் நான் சொல்லமாட்டேன். எங்காளுங்க கோயிலையும் கல்லையும் கேலி பண்ணிட்டு வெளிய போயிருவாங்க. இந்த அம்மா போகல. வீட்டக் காலி பண்ணிக் கொடுத்தவ, வாராவாரம் பீடத்துக்கு அப்பம் சுட்டிருக்கா. அது வேற தைரியம்."

நோட்டைப் புரட்டியதும் முகம் மாறிவிட்டது. "இது அரபி இல்லையே. அந்த எழுத்துல எழுதின தமிழ். அரபுத்தமிழ். எனக்கு வாசிக்கத் தெரியாது. காயல்பட்டினத்துல வயசான பொம்பளைங்க வாசிப்பாங்க."

தமிழ். மோர் குடித்தேன்.

ஆகஸ்ட் 15. புதன்

விண்ணேற்பு விழா. மூன்று பூசை. பிரசங்கம் மனதைத் தொட்டது என்றார்கள்.

ஆகஸ்ட் 20. திங்கள்

நாளை மறுநாள் அவர்களுக்குப் பெருநாள். வீடு முழுக்க மாவு இடிக்கிற சத்தம். இருந்தும் சைனம்பு என்னை உட்காரச் சொன்னார். எழுபத்தாறு வயது. வெள்ளைத் துப்பட்டி. குரலில் தயக்கமே இல்லை.

நோட்டைக் கையில் கொடுத்ததும் மடியில் வைத்துக்கொண்டார். அட்டையைத் தடவினார்.

"நான் எழுதினது. இஞ்ஞாசி சொல்லச் சொல்ல எழுதினேன். பதினெட்டு வருசம். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது சாமியாரே. ஓதக் கத்துக்கொடுத்தாங்க. அந்த எழுத்துலயே தமிழும் எழுதுவோம். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

"அவங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியுமே. ஏன் அவங்களே எழுதல?"

"எழுதாதேன்னு ஒரு சின்னச் சாமியார் சொல்லிட்டாராம். அவ சொல் தட்டமாட்டா. ஒரு வருசம் வியாழக்கிழம வந்து முட்டையக் கொடுத்துட்டு ஊமை மாதிரி உக்காந்திருந்தா. நாந்தான் கேட்டேன், 'ஏளா, எழுதாதேன்னுதானே சொன்னாரு, பேசாதேன்னா சொன்னாரு?'ன்னு. அவ்வளவு சிரிச்சா. அன்னையிலிருந்து அவ பேசினா, நான் எழுதினேன்."

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"முதல்ல எனக்கும் அவளுக்கும் சண்டைதான். தன்னைத் தொலைச்சவனுக்குத்தான் அவன் கிடைப்பான்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. இவ அதையே சொன்னா. 'இது எங்க வீட்டுப் பேச்சு'ன்னேன். 'இல்ல, எங்க வீட்டுது'ன்னா. பொறவு ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டோம். வீட்டுக்காரன் ஒருத்தன் இருக்கையில நாங்க என்ன சண்ட போடுறது?"

"அவங்க உங்க மார்க்கத்துக்கு வந்துட்டாங்கன்னு ஊர்ல பேசறாங்க."

சட்டென்று கோபம் வந்துவிட்டது. "பதினெட்டு வருசம் என் பக்கத்துல உக்காந்திருந்தா. நான் தொழுவ எழுந்தா அவ ஜெபமாலைய எடுப்பா. அவ நானா ஆகல, நான் அவளா ஆகல. அப்பிடி ஆகணும்னு ரெண்டு பேருக்கும் தோணவுமில்ல. போய்ச் சொல்லுங்க."

பெருநாள் கழிந்து வந்தால் முழுவதும் வாசித்துக் காட்டுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

ஆகஸ்ட் 27. திங்கள்

காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை. அவர் வாசிக்க நான் எழுதினேன்; சில பத்திகள் பல பக்கம் நீண்டன. பதினேழு பத்திகள். இடையில் பேத்தி இடியாப்பம் கொண்டுவந்து வைத்தாள். கை வலிக்கிறது.

ஒன்பதாம் பத்தியை அவர் வாசித்தபோது என் பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 3. திங்கள்

அறிக்கை முடிந்தது. இஞ்ஞாசியம்மாள் மதம் மாறவில்லை. நோட்டு அவர் சொல்ல, தோழி எழுதியது. திருச்சபைப் போதனைக்கு மாறானது இல்லை. பிற மரபுகளோடு ஒற்றுமை உண்டு, அது இரவல் அல்ல, ஒரே தாகம். பதினாறு பத்திகளை இணைத்தேன். ஒன்பதாம் பத்தி தெளிவாக இல்லாததால் சேர்க்கவில்லை என்று குறிப்பு.

நல்ல அறிக்கை. பிலோமிக்கு நியாயம் கிடைத்துவிடும். உறை ஒட்டினேன்.

செப்டம்பர் 5. புதன்

இன்னும் அனுப்பவில்லை. தபால் நிலையம் போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 8. சனி

மாதா பிறந்த விழா. வளாகத்தில் ஆயிரம் பேருக்குமேல். பிரசங்கத்தில் எப்போதும் எனக்குப் பேர் வாங்கித்தரும் அந்த வாக்கியம் வரும் இடம் வந்தது. ஜனங்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். சிலர் என்னோடு சேர்ந்து உதடசைப்பார்கள். வாயைத் திறந்தேன். வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடற்குழுத் தலைவி சமயோசிதமாக மாதா பாட்டை எடுத்தாள்.

இரத்த அழுத்தம் பார்த்தார்கள். 130/80. இந்த வயதுக்கு அருமை என்றார் மருத்துவர்.

செப்டம்பர் 9. ஞாயிறு

இந்த நாட்குறிப்பிலாவது எழுதிவிடுகிறேன்.

1979. எனக்கு இருபத்தேழு வயது. இஞ்ஞாசியம்மாள் தன் நோட்டை என்னிடம் கொண்டுவந்தார். பாவம் சொல்லும் ஒப்புரவுக்கு வரவில்லை. அப்படி இருந்தால் இதை எழுதவே எனக்கு உரிமை இல்லை. இத்தனை வருடம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தேன்; என்னிடம் நானே 'ஒப்புரவு இரகசியம்' என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பூசை உடுப்பு மாற்றும் சக்கிறீஸ்து அறை வாசலில், சனிக்கிழமை காலையில், ஓஸ்தி டப்பாவோடு சேர்த்து நீட்டினார். "சாமி, இதெல்லாம் என் மனசுல ஓடுது. தப்பா சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

ஒரே மூச்சில் வாசித்தேன். ஏழு வருடம் செமினாரியில் படித்து எனக்குக் கிடைக்காத ஒன்று, எட்டாம் வகுப்புப் படித்த ஓர் அம்மாளின் அடுப்படியில் கிடந்தது. எனக்கு வந்தது பயம். பயத்துக்கு 'தப்பறை', வேதத்துக்கு மாறானது என்று பெயர் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் அடுப்படிக்கே போய், இனி எழுதாதீர்கள், இது ஆபத்து என்றேன். அவர் கண்முன்னாலேயே நோட்டை அவருடைய ஓஸ்தி அடுப்பில் போட்டேன். அவர் தலை குனிந்து, "சரி சாமி" என்றார்.

ஆனால் ஒரு பத்தி எரியவில்லை. எனக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது.

"ஓஸ்தி மாவில் உப்பில்லை, இனிப்பில்லை, புளிப்பில்லை. வாயில் போட்டால் ஒன்றும் தெரியாது. ருசியே இல்லாத அப்பத்தில்தான் ஆண்டவர் இறங்கி வருகிறார். அப்படியிருக்க என் ஜெபத்தில் ருசி இல்லை என்று நான் ஏன் அழ வேண்டும்?"

1984-இல் ஒரு தியானத்தில் இதைச் சொன்னேன். கூட்டம் அழுதது. அதோடு நான் பெரிய ஆளாகிவிட்டேன். சிறு புத்தகம் போட்டேன், அட்டையிலேயே இந்த வாக்கியம், கீழே சிங்கராயர் என்று என் பெயர். ஒன்பதாம் பத்தி இதுதான். அதை அறிக்கையில் சேர்த்தால் எல்லாரும் என்ன சொல்வார்கள்? சிங்கராயர் சாமியின் புத்தகத்தைப் பார்த்து அந்த அம்மாள் காப்பியடித்தார் என்பார்கள். திருட்டுக் குற்றம் உறுதியாகிவிடும். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்.

இன்னொன்று. எனக்கு ஜெபத்தில் ருசி எதுவும் தெரியாமல் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஆயிரம் பேருக்கு இந்த வாக்கியத்தைக் கொடுத்தேன். திருடியதை நான் எப்படிச் சாப்பிடுவது?

செப்டம்பர் 10. திங்கள்

முதல் பேருந்தில் காயல்பட்டினம். சைனம்பு முன்னால் உட்கார்ந்து, "அந்தச் சின்னச் சாமியார் நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "மை தீரல அன்னைக்கு. நான் பாத்தேன்."

அடுப்பைச் சொன்னேன். புத்தகத்தைச் சொன்னேன்.

"நீங்க மேடையில அதச் சொன்னத இஞ்ஞாசி கேட்டிருக்கா. வெளியூர்த் திருவிழாவுல. வந்து எங்கிட்டச் சொன்னா. எனக்கு வந்த கோவத்துல நோட்டத் தூக்கிட்டு உங்க ஆயருகிட்டப் போவோம்னு நின்னேன். அவ சிரிக்கா. 'அடுப்புல போட்டது அவரு வாயில வெந்து வந்திருக்கு சைனம்பு. ஜனம் சாப்பிட்டுச்சுல்லா, விடு'ன்னா."

நான் அழுதேன். இந்த வயதில், அடுத்தவர் வீட்டு நடுக்கூடத்தில்.

அவர் என்னை அழுது முடிக்க விட்டார். பிறகு சொன்னார்: "அவ விட்டுட்டா. நான் விடல சாமியாரே. எழுதினவ நான். ஒம்பதாவது இல்லாம அந்தப் புத்தகம் வரப்படாது. யாரு பேருல வரணுமோ அவ பேருல வரணும்."

"வரும்" என்றேன்.

"அப்ப சாப்பிட்டுப் போங்க."

சாப்பிட்டேன். அவ்வளவு பசி எங்கே இருந்ததென்று தெரியவில்லை.

செப்டம்பர் 13. வியாழன்

பழைய அறிக்கையைக் கிழித்தேன். புதியதில் பதினேழு பத்திகள். கூடவே கையொப்பமிட்ட ஒரு வாக்குமூலம். மத்தியாஸ் வாசித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"சாமி, இத யாரும் கேக்கல. அந்த ஒரு பத்திய மட்டும் விட்டுட்டா, உங்களுக்கும் ஒண்ணுமில்ல, அந்தம்மாவுக்கும் நஷ்டமில்ல."

"நானும் அப்படித்தான் விட்டேன் மத்தியாஸ். பத்து நாள். அந்தப் பத்து நாளும் என் மூஞ்சிய என்னாலயே பாக்க முடியல."

"உங்க தியானங்கள்? புத்தகம்?"

"நிறுத்திருங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் தான் குருவாகத் தீர்மானித்ததாகச் சொன்னார். "அப்ப உங்களக் கூப்பிட்டது அவங்கதான்" என்றேன்.

செப்டம்பர் 14. வெள்ளி

காலை ஏழுவரை தூங்கினேன். பூசைக்குத் தாமதம்.

செப்டம்பர் 29. சனி

ஆயர் கூப்பிட்டார். கடுமையாகப் பேசினார், பேச வேண்டியவைதான். ஒரு வருடத்துக்குத் தியானமும் பிரசங்கமும் இல்லை. என் புத்தகம் திரும்பப் பெறப்படும். வாசலில் விடைகொடுக்கையில் தோளில் கை வைத்து, "இப்ப எப்படி இருக்கீங்க?" என்றார். "லேசா இருக்கேன் ஆண்டவரே" என்றேன். உண்மையைத் தவிர வேறு வரவில்லை.

இஞ்ஞாசியம்மாளின் நூலுக்கு அனுமதி. 'சொன்னவர்' என்று அவர் பெயரும் 'எழுதியவர்' என்று சைனம்பு பெயரும் இருக்கும். அடுத்த ஞாயிறு முதல் பிலோமி சுட்ட ஓஸ்திதான் என்று பங்குத்தந்தைக்குக் கடிதம் போயிருக்கிறது. தொலைபேசியில் பிலோமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அடுப்பு உட்பட. முழுவதும் கேட்டார். பிறகு, "அம்மாவே சொல்லாதத நான் என்னத்தச் சொல்ல? அம்மா நினைவு நாளுக்கு வாங்க" என்று வைத்துவிட்டார்.

மோட்டாருக்குப் புது வால்வு போட்டாயிற்று.

அக்டோபர் 12. வெள்ளி

நாலு மணி வெயிலில் புன்னைத்துறைக் கல்லறைத் தோட்டம். எழுபது எண்பது பெண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோவில் பேத்தியோடு சைனம்பு வந்தார். இஞ்ஞாசியம்மாள் இறந்தபின் இங்கே வருவது இதுதான் முதல் தடவையாம். ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிலோமி எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கல்லறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முணுமுணுப்பு அடங்கியது.

பேச எனக்கு அனுமதி இல்லை. பூசை செய்யும் வேலையும் இல்லை. அங்கிகூடப் போடாமல் வேட்டி சட்டையோடு பெண்களுக்கு நடுவில் மணலில் உட்கார்ந்தேன். ஜெபத்தில் ருசி திரும்பவில்லை. இரண்டு வாரமாக அது தேவைப்படவும் இல்லை.

சைனம்பு வலமிருந்து இடமாக விரலை ஓட்டி வாசித்தார். கடைசிப் பத்தி. ஆகஸ்டில் நானேதான் எழுதிக்கொண்டேன். அன்று கை எழுதியது, காது கேட்கவில்லை போலிருக்கிறது.

"ஓஸ்தியை வட்டமாக வெட்டியபின் ஓரங்கள் மிஞ்சும். அதை யாரும் பீடத்துக்குக் கொண்டுபோவதில்லை. கோழிக்குப் போடுவேன். அதே மாவு, அதே தணல், ஒரே நேரத்தில் வெந்தது. நான் ஓரமாக இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை."

யாரோ விசும்பினார்கள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். நான் நன்றாகக் கேட்பதற்காக முன்னால் நகர்ந்தேன்போலும். பின்னாலிருந்து ஒரு பெண் என் முதுகில் விரலால் தட்டினார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மறைக்குது."

தள்ளி உட்கார்ந்தேன்.